காது மெஷின் போட்டும் பேச்சு புரியவில்லை. எப்படி செட் செய்யச் சொல்ல வேண்டும்?

கேள்வியின் சுருக்கம்: அப்பாவுக்கு இரண்டு காதிலும் மெஷின் போட்டு மூன்று மாதம். நாலு பேர் கூடிப் பேசினால் வெறும் இரைச்சல். சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் இருக்கிறது, பாத்திரம் உருண்டால் காதில் குத்துகிறது. இரண்டு முறை போய்ச் சொல்லியும் "பழகிவிடும்" என்கிறார்கள்.

இதில் சிலது பழகும், சிலது எத்தனை வருடமானாலும் பழகாது. ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம், மின்விசிறி, தன் காலடி ஓசை எல்லாம் சில வாரங்களில் பின்னால் போய்விடும். குத்தும் சத்தமும் குடத்துக் குரலும் அப்படியல்ல, அவற்றைச் சரிசெய்துதான் ஆக வேண்டும்.

குரலில் இருந்து தொடங்குங்கள். மெஷினைக் காதிலேயே வைத்து அணைத்துவிட்டு, "ஈ", "ஊ" என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். அப்போதும் குரல் முழங்கினால் கோளாறு செட்டிங்கில் இல்லை, காது அடைபட்டிருக்கிறது. எலும்பு வழியாகக் காதுக்குள் வரும் தன் குரல் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றுகிறது. திறந்த டோம் (காதுக்குள் போகும் துளையுள்ள மெத்தென்ற முனை) போடுவது, மோல்டில் (காதுக்கு அச்செடுத்துச் செய்யும் அடைப்பு) காற்றுத் துளையைப் பெரிதாக்குவது, அல்லது மோல்டைக் காதுக்குள் ஆழமாகச் செல்லும்படி செய்வது இதற்கு வழி. அணைத்தவுடன் முழக்கம் நின்றுவிட்டால் தாழ்ந்த அலைவரிசைகளுக்கு, அதாவது கனத்த ஒலிகளுக்கு, ஒலியைக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கணினியில் குறைத்துவிடலாம். இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமல் போனால், துளையில் இருக்கும் பிரச்சினைக்கு செட்டிங்கைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் துளையைப் பெரிதாக்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தாழ்ந்த ஒலி அதன் வழியே கசிந்து போகும், விசில் அடிக்கவும் வாய்ப்பு கூடும். தாழ்ந்த அலைவரிசையிலேயே கேட்கும் திறன் நன்றாகக் குறைந்தவருக்குத் திறந்த டோம் ஒத்துவராது. டோமோ மோல்டோ மாறினால் விசில் தடுப்புச் சோதனையைப் புதிதாக ஓட்டச் சொல்லுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: "காதுக்குள் மைக் வைத்து அளந்தீர்களா?" ஆடியோகிராமை (கேட்கும் திறன் சோதனையின் வரைபடம்) கணினியில் ஏற்றிப் பொத்தானை அழுத்தினால் கம்பெனியின் மென்பொருள் ஒரு தொடக்க செட்டிங்கைக் கொடுக்கும். அது சராசரிக் காதுக்கானது. உங்கள் அப்பாவின் காதுக் குழாய் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று அதற்குத் தெரியாது. உயர்ந்த அலைவரிசைகளில் தேவைக்குக் குறைவாகவே அது கொடுப்பது சகஜம். அளக்கும்போது முதலில் குறும்பியைப் பார்த்துச் சுத்தம் செய்துவிட்டு, மெல்லிய சிலிகான் குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு ஏறக்குறைய 5 மி.மீ. அருகில் வைப்பார்கள். அதன்மேல் மெஷினை மாட்டி, ஒலிபெருக்கியில் பேச்சு ஒலியை மெல்ல, நடுத்தரமாக, உரக்க என்று மூன்று அளவில் விடுவார்கள். வழக்கமாக அது 50 அல்லது 55, 65, 75 அல்லது 80 டெசிபல். செவிப்பறை அருகே உண்மையில் போய்ச் சேரும் ஒலி திரையில் கோடாக வரும். அவர் கேட்கும் திறனுக்கு எவ்வளவு ஒலி வேண்டும் என்று காட்டும் இலக்குக் கோட்டோடு அது ஒட்டி வருகிறதா என்று பார்ப்பார்கள். பெரியவர்களுக்குப் பரவலாகப் பயன்படும் இலக்கு, ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் வகுத்த என்.ஏ.எல்-என்.எல் 2. இந்தக் கருவி இல்லாத இடம் என்றால், அது இருக்கும் இடத்தைத் தேடிப் போவதே நல்லது.

பாத்திரச் சத்தத்துக்கு வருவோம். "உயர்ந்த ஒலியைக் குறைத்துவிடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒட்டுமொத்தமாகக் குறைத்தால் பாத்திரம் அடங்கும், கூடவே மெய்யெழுத்துகளும் அடங்கிவிடும். "கால்" என்றதா "பால்" என்றதா என்று முழிக்க வேண்டியதுதான். இன்றைய மெஷின்களில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் தனித்தனியாக அளவு வைக்க முடியும். ஆகவே "உரத்த ஒலிக்கு மட்டும், மேல் அலைவரிசையில் குறையுங்கள், அல்லது உச்ச அளவை இறக்குங்கள்" என்று கேளுங்கள். ஒரு தடவைக்கு 2, 3 டெசிபல் போதும். ஒரே நாளில் ஐந்து விஷயத்தை மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. பழைய செட்டிங்கைச் சேமித்து வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும்போது கையில் ஒரு வாரக் குறிப்பு இருக்கட்டும். எங்கே, யார் பேசினார், எவ்வளவு தூரத்தில், என்ன சத்தம், எந்தக் காதில். "சரியாகக் கேட்கவில்லை" என்பதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. "டிவி ஓடும்போது பேத்தி பேசினால் சொல் தேய்கிறது, ஆண்குரல் புரிகிறது" என்றால் எந்த அலைவரிசையில் கை வைக்க வேண்டும் என்று செட் செய்பவருக்கே தெரிந்துவிடும். அப்பா தினமும் எத்தனை மணி நேரம் போட்டிருந்தார் என்பதை மெஷினே பதிந்து வைக்கும். அது இரண்டு மணி நேரம் என்று காட்டினால் செட்டிங்கைப் பேசுவதற்கு முன் அதைத்தான் பேச வேண்டும்.

நாலு பேர் கூட்டம்தான் கடினமானது. எந்த மெஷினும் கூச்சலை அழித்துப் பேச்சை மட்டும் தராது. முன்பக்க ஒலிக்கு முதலிடம் தரும் மைக் செட்டிங் இருக்கிறதா, அது தானாக மாறுகிறதா என்று கேளுங்கள். இருந்தால், இரைச்சல் முதுகுப் பக்கம் இருக்கும்படி அப்பா உட்கார வேண்டும். திறந்த வெளியில் தூரம் பாதியானால் பேச்சு 6 டெசிபல் கூடும். அறைக்குள் அவ்வளவு கூடாவிட்டாலும், நாற்காலியை நகர்த்துவது பல செட்டிங்கைவிட மேல். அதுவும் போதாவிட்டால், பேசுபவர் சட்டையில் மாட்டும் ரிமோட் மைக் நன்றாக வேலை செய்யும். சத்தமில்லாத அறையில் போதிய ஒலியோடு சொற்களைச் சொல்லியும் பாதிதான் புரிகிறது என்று சோதனை காட்டினால், அந்த எல்லையை நேராகச் சொல்லிவிடும் ஆடியோலஜிஸ்ட்டே (கேட்கும் திறனைச் சோதித்து மெஷினை செட் செய்பவர்) நம்பத் தகுந்தவர்.

ஒரு பக்கம் திடீரென மங்கினால் முதலில் மெழுகுத் தடுப்பானை (குறும்பி மெஷினுக்குள் போகாமல் தடுக்கும் சின்ன வடிகட்டி) மாற்றிப் பாருங்கள், பேட்டரியையும். அதன் பிறகும் மெஷின் நன்றாக ஒலிக்கிறது, காதில்தான் விழவில்லை என்றால் செட்டிங்குக்கு அலைய வேண்டாம். அன்றோ மறுநாளோ காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.