கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை

அன்புள்ள ஐயா,

மேற்கு ஆப்பிரிக்கப் பயணம் பற்றி நீங்கள் எழுதியதில், கானா–டோகோ எல்லையில் இருக்கும் அஃப்லாவ் என்ற ஊரில் 25 சீடி வாடகை அறையில் இரண்டு இரவு தங்கியதாக ஒரே ஒரு பத்தி வருகிறது. அந்தப் பத்தியைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். என் தம்பி இங்கே ஒரு முந்திரி இறக்குமதி கம்பெனியில் வேலை பார்க்கிறான். பிப்ரவரியில் சீசனுக்கு அவனை அனுப்புகிறார்கள். டோகோ பக்கம் லோமேயிலும் கானா துறைமுகமான தேமாவிலும் மாறி மாறி வேலை. நடுவில் அஃப்லாவில் தங்க வேண்டி வருமாம், சாதாரண லாட்ஜுக்குத்தான் காசு தருவார்களாம். அவனுக்கு 24 வயது. அம்மா ராத்திரி தூங்குவதில்லை. எல்லை ஊர் லாட்ஜ் என்றால் நம் பக்கத்திலேயே நல்ல பேர் கிடையாதே. நீங்கள் அங்கே பயப்படவில்லையா? நீங்கள் தங்கிய இடத்தின் பெயரைச் சொல்ல முடியுமா?

ஒரு வாசகி, தூத்துக்குடி

*

அன்புள்ள சகோதரி,

பயந்தேன். முதல் இரவு நன்றாகவே பயந்தேன். அதை அந்தக் கட்டுரையில் எழுதியிருக்க வேண்டும். உங்கள் அம்மாவைப் போல ஒருவர் அதைப் படிக்கக்கூடும் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது முழுவதையும் சொல்கிறேன்.

2013 பிப்ரவரி. அக்ராவிலிருந்து அஃப்லாவ் சுமார் 190 கிலோமீட்டர். ட்ரோட்ரோ என்று அங்கே சொல்லும் வேனில் மதியம் ஏறினேன். வண்டி நிறைந்தால்தான் கிளம்பும். வழியில் சோதனைச் சாவடிகள் வேறு. போய் இறங்கும்போது இரவு ஒன்பதரை. அந்தக் காலத்தில் பத்து மணிக்கு எல்லைக் கேட்டை அடைத்துவிடுவார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தால் லோமே, ஒரு நாட்டின் தலைநகரம். விளக்கு வெளிச்சம்கூடத் தெரிந்தது. வரிசை நகரவில்லை, கேட் அடைத்துவிட்டது.

கேட்டை ஒட்டி இருந்த முதல் லாட்ஜுக்குப் போனேன். மேஜையில் இருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார்: "எத்தனை மணி நேரத்துக்கு?" அறையைப் பார்த்தேன். உள்தாழ்ப்பாளின் திருகாணிகள் மரத்தை விட்டு வெளியே வந்து நின்றன. யாரோ ஒரு நாள் வெளியிலிருந்து தள்ளியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன். தெருவில் பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பத்து நிமிஷம்தான் நான் பயந்த நேரம்.

அபோலோ விற்ற ஓர் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். (அபோலோ என்பது மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்து இலையில் வைத்து அவிப்பது. லேசாக இனிக்கும். நம் நாக்குக்கு அது இட்லியின் தூரத்துச் சொந்தம் என்று உடனே தெரிந்துவிடும்.) என்ன என்று கேட்டார், சொன்னேன். பக்கத்துச் சந்து ஒன்றைக் காட்டி, "துணி வியாபாரம் பண்ணும் அம்மாக்கள் படுக்கும் இடம் அங்கே இருக்கிறது, அங்கே போ" என்றார்.

நடுவில் முற்றம், சுற்றிலும் ஒன்பது அறை. கரண்ட் இல்லை. சார்ஜ் விளக்கு வெளிச்சத்தில் வீட்டுக்கார அம்மா பெரிய ரிஜிஸ்டர் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். பெயர், தொழில், எங்கிருந்து, எங்கே. எழுதுவதற்கு முன் மேலே இருந்த வரிகளைப் படித்தேன். லோமேயிலிருந்து குமாசி. குமாசியிலிருந்து லோமே. கோட்டனூவிலிருந்து அக்ரா. தொழில் பத்தியில் வியாபாரி, வியாபாரி, வியாபாரி. ஏறக்குறைய எல்லாமே பெண்களின் பெயர்கள். ஒரே கையெழுத்து ஏழெட்டு நாளைக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் என் பயம் போய்விட்டது. இத்தனை பெண்கள், சரக்கோடும் காசோடும், வாரம் தவறாமல் வந்து கண் மூடித் தூங்கும் வீடு அது.

உங்கள் தம்பிக்கு நான் சொல்ல வேண்டியதில் முக்கியமானது இதுதான். பெயரைத் தனி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். ஆனால் லாட்ஜ்கள் கை மாறும், பெயர் மாறும். எந்த எல்லை ஊரிலும் அவன் கேட்க வேண்டிய கேள்வி, "சந்தைக்கு வரும் வியாபாரிப் பெண்கள் எங்கே தங்குகிறார்கள்?" கேட்டுக்கு மிக அருகில் இருப்பதில் தங்க வேண்டாம். "எத்தனை மணி நேரம்" என்று கேட்டால் அங்கே ஒரு நிமிஷம்கூட நிற்க வேண்டாம்.

அந்தப் பெண்கள் யார் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், அது தெரிந்தால் அம்மாவுக்கும் மனசு ஆறும். லோமே என்ற ஊர் வளர்ந்ததே எல்லையால்தான். 1880-களில் பிரிட்டிஷார், அஃப்லாவுக்கு மேற்கே இருக்கும் கேட்டா என்ற கடற்கரை ஊர்ப் பக்கம் சுங்கம் வசூலித்தார்கள். அதற்குத் தப்பிய வியாபாரிகள் அவர்களுடைய எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் கிழக்கே வந்து கடற்கரையில் கடை விரித்தார்கள். 1884-ல் ஜெர்மனி அந்தக் கரையைத் தன் பாதுகாப்பில் எடுத்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு லோமே பிரான்சின் கைக்குப் போயிற்று. கானா 1957-ல் சுதந்திரம் அடைந்தது, டோகோ 1960-ல். இத்தனை கை மாறியும் அந்தக் கோடு மட்டும் அப்படியே நிற்கிறது. இரண்டு பக்கமும் இருப்பவர்கள் எவே மொழி பேசும் ஒரே மக்கள். அக்காள் அஃப்லாவிலும் தங்கை லோமேயிலும் வாழ்க்கைப்பட்டிருப்பார்கள். சாவு வீட்டுக்குப் போகக்கூட கேட்டைத் தாண்டியாக வேண்டும்.

லோமே சந்தையில் டச்சு அச்சுத் துணியை மொத்தமாக வாங்கி மேற்கு ஆப்பிரிக்கா முழுக்க விற்ற பெண்களுக்கு 'நானா பென்ஸ்' என்று பெயர். பென்ஸ் கார் வாங்கும் அளவுக்குச் சம்பாதித்ததால் வந்த பெயர் அது. 1994 ஜனவரியில், டோகோவில் புழங்கும் பணமான சேஃபா பிராங்கின் மதிப்பை ஒரே நாளில் பாதியாகக் குறைத்தார்கள். அது அந்தப் பெரிய வியாபாரத்தின் முதுகை ஒடித்தது. பிறகு மலிவான சீனத் துணி வந்து மீதியையும் எடுத்துக்கொண்டது. நான் பார்த்தவர்கள் அதற்கு அடுத்த தலைமுறை. பென்ஸ் கிடையாது, மூட்டைதான். நான் போவதற்கு ஒரு மாதம் முன்பு, 2013 ஜனவரியில், லோமேயின் பெரிய சந்தைக் கட்டடம் தீப்பிடித்து எரிந்திருந்தது. முற்றத்தில் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அதுதான். யாருக்கு எவ்வளவு போயிற்று, யார் கடன் கொடுத்தார்கள், யார் கதவைச் சாத்தினார்கள். பாதி எவே, பாதி பிரெஞ்சு, நடுவே ஆங்கிலம். எனக்குப் புரியட்டும் என்று ஒருவர் அவ்வப்போது ஆங்கிலத்தில் சொன்னார்.

விடியற்காலை நாலரைக்கு விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 12 கெஜத் துணியைப் பிரித்து, ஓரத்தை உதட்டோரம் கவ்விக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து ஆறு ஆறு கெஜமாக அளந்து மடித்தார்கள். மடித்ததை உள்ளங்கையால் ஒரு தட்டு. அளவுகோலே இல்லை. ஒருவர் மடித்ததை அடுத்தவர் எடுத்து மறுபடி கையால் அளந்து பார்த்துவிட்டுத்தான் அடுக்கினார். கேட் திறக்கும் ஆறு மணிக்கு முற்றம் காலி. அன்று நானும் அவர்களோடு லோமே போய்விட்டுச் சாயங்காலமே திரும்பி, இன்னொரு இரவும் அதே அறையில் படுத்தேன். விசா இரண்டு பக்கமும் பல முறை நுழையும் வகை என்பதால் அது முடிந்தது. அந்த விஷயத்தைக் கீழே மறுபடி சொல்கிறேன்.

கரண்ட் இல்லாததற்கும் ஒரு கதை உண்டு. 2012 ஆகஸ்டில் லோமேக்கு வெளியே கடலில் ஒரு கப்பலின் நங்கூரம் இழுபட்டு, நைஜீரியாவிலிருந்து வரும் 678 கிலோமீட்டர் எரிவாயுக் குழாயை உடைத்துவிட்டது. மறுபடி வாயு வர 2013 ஜூலை ஆயிற்று. அதுவரை கானா முழுக்க மின்வெட்டு. அணைப்பதற்கும் ஏற்றுவதற்குமான ட்வி மொழிச் சொற்களைச் சேர்த்து அதற்கு 'டும்சோர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். உங்கள் தம்பி போகும்போது நிலைமை வேறாக இருக்கும். இருந்தாலும் அறை பார்க்கும்போது "லைட் ஆஃப் ஆனால் ஜெனரேட்டர் உண்டா, ஃபேன் ஓடுமா?" என்று கேட்கட்டும். லோமே பக்கம் ஃபேன் அறைக்கு 'வான்திலே', ஏசி அறைக்கு 'க்ளிமாதிசே'. விலை நிறையவே வித்தியாசப்படும். ஃபேன் அறை போதும்.

பணம் கொடுப்பதற்கு முன் தாழ்ப்பாளைப் போட்டு உள்ளிருந்து இழுத்துப் பார்க்க வேண்டும். கொசுவலையை விளக்குக்கு எதிரே பிடித்து ஓட்டை பார்க்க வேண்டும். நான் படுத்த அறையின் வலையில் கால்மாட்டில் மூன்று ஓட்டை இருந்தது. வீட்டுக்கார அம்மா துணி மூட்டையிலிருந்து ஊசி நூல் எடுத்து அங்கேயே தைத்துக் கொடுத்தார். தண்ணீர் பெரும்பாலும் நீல டிரம்மில்தான், ஒரு வாளியும் குவளையும் இருக்கும். நம் பிள்ளைகளுக்கு அது புதிதல்ல. குடிக்க மட்டும் பாக்கெட் தண்ணீர்.

கொசுவலையை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே மலேரியா வருஷம் முழுக்க உண்டு, அதிலும் ஃபால்சிபாரம் வகை, ஆளைக் கொல்லக்கூடியது. போவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள்ளட்டும். ஊர் திரும்பி ஒரு வருஷம் வரை எப்போது காய்ச்சல் வந்தாலும், "நான் கானா, டோகோ போய் வந்தேன்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். சாதாரணக் காய்ச்சல் என்று கசாயம் போட்டுக் காத்திருக்கக் கூடாது. அம்மாவிடம் இதை நீங்களே சொல்லுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ள வேண்டாம். அந்த மஞ்சள் அட்டை எல்லையில் கேட்கப்படும். திரும்பும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடலாம்.

விசாவை கம்பெனியிடம் அழுத்திக் கேளுங்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள் விசா இல்லாமல் 90 நாள் வரை அடுத்த நாட்டில் இருக்கலாம். நமக்கு அது கிடையாது. இரண்டு நாட்டுக்கும் தனித்தனி விசா. ஒரு முறை மட்டும் நுழையும் விசாவை வாங்கிக் கொடுத்தால், தேமாவிலிருந்து லோமே போனவன் திரும்பி வர முடியாமல் நிற்பான்.

இன்னொன்று, லாட்ஜைவிட எனக்கு அதிகக் கவலை தருவது. முந்திரி சீசனில் ரொக்கம் புழங்கும். கம்பெனிப் பணத்தை அவன் பையில் வைத்து எல்லை தாண்டச் சொன்னால், அவன் மறுத்துவிட வேண்டும். வேலை போனாலும் பரவாயில்லை. பணம் வங்கி வழியாகப் போகட்டும். அவன் கையில் இரண்டு நாள் செலவுக்குக் காசு இருந்தால் போதும். அதையும் தெருவில் நோட்டுக்கட்டோடு நிற்பவரிடம் மாற்றாமல் வங்கியிலோ பணம் மாற்றும் கடையிலோ மாற்றட்டும். பாஸ்போர்ட்டை "கொடுங்கள், நான் முத்திரை வாங்கித் தருகிறேன்" என்று வருபவர் கையில் கொடுக்கவே கூடாது. கேட்டைப் போட்டோ எடுக்கவும் கூடாது.

எதைக் கேட்பதற்கு முன்னும் வணக்கம் சொல்லப் பழகிக்கொள்ளட்டும். அங்கே நேராக "ரூம் எவ்வளவு?" என்று ஆரம்பித்தால் முகம் கொடுக்க மாட்டார்கள். ராத்திரி எப்படிப் போயிற்று, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று இரண்டு வார்த்தை. வந்தவரை வரவேற்க எவேயில் 'வோயேஸோ' என்பார்கள், பதிலுக்கு 'யோ' என்றால் போதும். நன்றிக்கு 'அக்பே'. காசை இடது கையால் நீட்டக் கூடாது. அதை அம்மா ஏற்கெனவே அவனுக்குச் சொல்லி வளர்த்திருப்பார்.

நான் தங்கிய வீட்டுக்கார அம்மாவோடு இன்னும் தொடர்பில் இருக்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக கானா தரை வழி எல்லையை அடைத்தது. மறுபடி திறந்தது 2022 மார்ச் கடைசியில். இரண்டு வருஷம் அந்த ரிஜிஸ்டர் நோட்டில் வரி விழவில்லை. நாலு அறையில் கட்டிலை எடுத்துவிட்டுத் தையல் பழகும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டு ஓட்டியிருக்கிறார். திறந்த வாரம் எனக்கு ஒரு படம் அனுப்பினார். முற்றத்தில் மூட்டைகள், மூட்டைக்கு மேல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கும் ஒரு பெண். தையல் மெஷின்களில் இரண்டை அவர் இன்னும் எடுக்கவில்லை. உங்கள் தம்பியைப் பற்றி அவரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். பிப்ரவரியில் எந்தத் தேதி என்று கேட்கிறார்.

எல்லையில் போன் தானாக அடுத்த நாட்டு டவருக்குத் தாவிக் காசைத் தின்னும். ரோமிங்கை நிறுத்திவிட்டு, இரண்டு நாட்டுக்கும் இரண்டு சிம் வைத்துக்கொள்ளட்டும். நேரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ராத்திரி வேலை முடிந்து அவன் கூப்பிட்டால் இங்கே நடுநிசி, அம்மா பதறி எழுவார். காலை ஏழு மணிக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். வீட்டில் பகல் 12.30 ஆகியிருக்கும்.

அன்புடன்