தெரியும், ஆனால் சொல்லக் கூடாது

கேள்வி: எனக்கு 24 வயது. ஒன்றரை வருடமாக ஒரு கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். பிபி பார்ப்பது, ரத்தம் எடுப்பது, ஈசிஜி எடுப்பது, ஃபைல் எடுத்து வைப்பது, ஃபோனுக்குப் பதில் சொல்வது எல்லாம் நான்தான். டாக்டர் தாமதமாக வந்தால் திட்டு எனக்கு. குணமானால் நன்றி டாக்டருக்கு. போன மாதம் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரிப்போர்ட்டில் ஏதாவது பெரிதாக இருக்கிறதா?" என்று கேட்டார். நான் ரிப்போர்ட்டைப் பார்த்திருந்தேன். ஆனாலும் "ஒன்றும் இல்லை அம்மா" என்று சொல்லிவிட்டேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதிலிருந்து வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பு, ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போடும்போது விரலில் குத்திவிட்டது. அதைக்கூட யாரிடமும் சொல்லவில்லை, அந்த அளவுக்கு மனம் விட்டுப்போயிற்று. ஒரு தாத்தா மட்டும் நான் வந்தால்தான் ரத்தம் எடுக்கக் கையை நீட்டுவார். அதற்காக இந்த வேலையில் இருக்க முடியுமா? நர்சிங் படிக்கட்டுமா, வேறு வேலைக்குப் போகட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நர்சிங்கா, வேறு வேலையா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த ஊசி.

நாளைக் காலையில் கிளினிக்குக்குள் நுழைந்ததும் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். ஊசி குத்தினால் உடனே சோப்புப் போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், அன்றே பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லி எழுத்தில் பதிய வேண்டும். எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மாத்திரை தேவைப்பட்டால் அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். சில மணி நேரத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. அந்தக் கெடு உங்களுக்குத் தாண்டிவிட்டது. பரிசோதனைக்கு இன்னும் தாண்டவில்லை. எச்ஐவி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி மூன்றுக்கும் ரத்தம் கொடுங்கள். சில வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள், அதையும் விடாதீர்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எச்ஐவி உள்ள ஒருவரின் ரத்தம் பட்ட ஊசியே குத்தினாலும், ஆயிரத்தில் ஏறக்குறைய மூன்று பேருக்குத்தான் தொற்றும். ஹெபடைட்டிஸ் பி வேறு கதை. தடுப்பூசி போடாதவருக்கு அது நூற்றில் முப்பது பேர் வரைகூடத் தொற்றலாம். நீங்கள் அந்தத் தடுப்பூசியை முழுதாகப் போட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை. வழக்கமாக மூன்று தவணை, சுமார் ஆறு மாதத்தில் முடியும். ரத்தம் எடுக்கிற கைக்கு அது கட்டாயம் வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு இனிமேல் மூடி போடாதீர்கள். எடுத்த கையோடு ஊசிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். அந்தப் பெட்டி அறைக்கு வெளியே, எட்டாத தூரத்தில் இருக்கிறது என்றால் குறை உங்கள் கையில் இல்லை, பெட்டி வைத்த இடத்தில் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, இப்போது அந்த அம்மா.

நானும் பல வருடம் இதே வேலையில் இருந்தவள். இதில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது ரத்தமோ வாந்தியோ கூச்சலோ இல்லை. தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு நிற்பதுதான். ரிப்போர்ட் முதலில் நம் கண்ணில் படுகிறது. நோயாளி முதலில் நம்மிடம் உட்காருகிறார். ஆனால் அதை விளக்கும் வேலை நம்முடையது இல்லை. ஒரு எண்ணை மட்டும் பார்த்து நாம் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். பழைய ரிப்போர்ட், உடம்பைத் தொட்டுப் பார்த்தது எல்லாம் சேர்ந்தால் டாக்டர் வேறொன்று சொல்லலாம். இது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் நீங்கள் எதையும் சொல்லக் கூடாது என்று நினைத்தீர்கள். அது சரிதான். ஆனால் நீங்கள் சும்மா இருக்கவில்லையே. "ஒன்றும் இல்லை" என்பதும் ஒரு முடிவு. டாக்டர் சொல்ல வேண்டியதை, அதுவும் பொய்யாக, நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது அதற்குத்தான் என்று நினைக்கிறேன். நோய் வந்த கோபத்தோடு, நம்பிக் கேட்ட ஒரே ஆளும் ஏமாற்றிவிட்டாளே என்ற கோபமும் இருந்திருக்கும்.

வேறு என்ன சொல்லியிருக்கலாம்? எனக்கு ஒரு மூத்த சகா கற்றுக்கொடுத்த வாக்கியம் இது: "ரிப்போர்ட் வந்துவிட்டது அம்மா. அதை டாக்டர்தான் விளக்கிச் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. நீங்கள் பயந்துபோயிருக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்கிறேன்." இதில் பொய் இல்லை. கையை உதறவும் இல்லை. கடைசி வரியைச் சொன்னால் மட்டும் போதாது, உள்ளே போய் உண்மையிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டு, அவரையும் உள்ளே அனுப்பலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். இன்னொன்று, இந்த வாக்கியத்தை ரிப்போர்ட் நன்றாக இருக்கும் நாளிலும் இதே குரலில் சொல்லிப் பழகுங்கள். நல்ல ரிப்போர்ட்டுக்கு மட்டும் சிரித்துக்கொண்டு "எல்லாம் நார்மல்" என்று சொல்பவள் ஒருநாள் சொல்லாமல் நின்றால், அந்த மௌனமே ரிப்போர்ட்டைப் படித்துவிடும்.

அவர் மறுபடி வருவார். வரும்போது ஒதுங்கி நிற்காமல், "அன்றைக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். அவர் என்ன செய்வாரோ, அது அவர் இஷ்டம்.

நன்றி டாக்டருக்குப் போகிறது என்கிறீர்கள். போகத்தான் போகிறது, அதை மாற்ற முடியாது. ஆனால் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் நீங்கள் எழுதிக்கொடுத்த எண்ணைப் பார்த்துத்தான். வேர்க்க விறுவிறுக்க வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார வைக்காமல், கையைத் தொங்கவிட்டபடி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பிபி பார்த்தால் எண் கூடிவிடும். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினாலும் கூடும். அந்தக் கூடுதலுக்கு ஒருவர் மாத்திரை சாப்பிடுவார். கூட்டம் முட்டும் நாளிலும் அந்த ஐந்து நிமிடத்தை நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. இந்த வேலையில் பாதி அப்படித்தான். சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது.

தவறாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருவரிடம் ரத்தம் சரியாக வரவில்லை. ஊதா மூடி ட்யூப் நிறைந்துவிட்டது, ரத்தத்தை உறையவிட்டுப் பரிசோதிக்கும் சீரம் ட்யூபில் கொஞ்சம்தான் இருந்தது. இன்னொரு முறை குத்துவானேன் என்று ஊதாவிலிருந்து கொஞ்சத்தை அதில் ஊற்றிவிட்டேன். எல்லாம் ஒரே ஆளின் ரத்தம்தானே! மாலையில் லேபிலிருந்து ஃபோன். "இந்த நோயாளி உயிரோடு இருக்கிறாரா?" ஊதா ட்யூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் இடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு, அது கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். பொட்டாசியம் எங்கேயோ ஏறியிருந்தது, கால்சியம் அடியில் கிடந்தது. இரண்டும் ஒன்றாக அப்படி வந்ததால்தான் லேபில் இருந்தவருக்குச் சந்தேகம் தட்டியது. டாக்டரிடம் போய் நான் செய்ததைச் சொன்னேன். திட்டினார். நோயாளியை மறுபடி வரவழைத்து மறுபடி குத்தினோம். ஒரு குத்தை மிச்சம் பிடிக்கப் போய் அவருக்கு ஒரு நாள் வீண். அன்றிலிருந்து எந்த ட்யூபுக்குப் பின் எந்த ட்யூப் என்ற வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

தாமதத்துக்கு வாங்கும் திட்டுக்குப் பெரிய மருந்து ஒன்றும் இல்லை. அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்களாகப் போய், "டாக்டர் வர இன்னும் 40 நிமிடம் ஆகும்" என்று நேரத்தோடு சொன்னால் பாதி அடங்கும். "இதோ வந்துவிடுவார்" என்றால் இரண்டு மடங்காகும். ரத்தம் எடுக்கும்போது ஃபோன் அடித்தால் அடிக்கட்டும். எடுத்த ட்யூபுக்கு நோயாளி எதிரிலேயே, பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயால் கேட்டு லேபிள் ஒட்டிய பிறகுதான் ஃபோன்.

நர்சிங் படிக்கலாமா? படிக்கலாம். நோயாளி பக்கத்தில் இன்னும் அதிகப் பொறுப்போடு இருக்க ஆசை என்றால் இந்த ஒன்றரை வருடம் அங்கே நன்றாகக் கைகொடுக்கும். அந்த அம்மாவிடமிருந்து தப்பிக்க என்றால் வேண்டாம். நர்ஸின் கையையும் பிடித்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்பார்கள், அவர்களுக்கும் எல்லாவற்றையும் சொல்ல அனுமதி கிடையாது. வேறு வேலை என்றால், ஊசிக்கான பரிசோதனை முடிவு கைக்கு வரும் வரை முடிவெடுக்காதீர்கள். பயத்தையும் சலிப்பையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. முதலில் எது எது என்று பிரியட்டும்.

அப்புறம் அந்தத் தாத்தா. வயதானவர்களின் நரம்பு (ரத்தக்குழாயை அப்படித்தானே சொல்கிறோம்) தோலுக்கடியில் நழுவும், தொட்டால் உடைந்து நீலம் கட்டும். எந்தக் கை, எந்த இடம், எவ்வளவு இறுக்கிக் கட்டினால் போதும், எப்போது அவரைப் பேசவிட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் விரலுக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது. நீங்கள் போவதாக முடிவெடுத்தால், போகும் முன் அடுத்து வருகிறவரை அவர் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.