எண் மாறியது, வசவு வழக்கு மாறவில்லை

கேள்வி: தெருவில் கெட்ட வார்த்தை பேசினால் வழக்கு என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். புதிய சட்டம் வந்த பிறகும் அது ஏன் ஒழியவில்லை?

பதில்: எண்தான் ஒழிந்தது. பொது இடத்தில் ஆபாசச் சொல் பேசுவதற்கு 1860-ன் தண்டனைச் சட்டத்தில் 294(பி). 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி). அதே மூன்று மாதம் வரை சிறை. அபராதத்துக்கு மட்டும் 1,000 ரூபாய் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1745-ல் வசவுக்கு ரேட் கார்டே போட்டார்கள்: கூலியாள், சிப்பாய் என்றால் ஒரு ஷில்லிங், கனவான் என்றால் ஐந்து. 1967-ல் அதைத் தூக்கியும் விட்டார்கள்.

இங்கே அது பிழைத்திருப்பது யார் நாக்கையும் கழுவ அல்ல. லேசான அடி 115(2), ஆத்திரமூட்டும் அவமதிப்பு 352; இரண்டையும் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. 296-க்கு அந்தத் தடை இல்லை, நேரே எஃப்.ஐ.ஆர். போடலாம். வழக்கில் ஒரு பிரிவு அப்படி இருந்துவிட்டால் போதும், மற்றவையும் இன்ஜினோடு பெட்டி போல வந்துவிடும். பார்க்கிங் தகராறோ வரப்புத் தகராறோ, ‘அசிங்கமாகத் திட்டி’ என்ற வரி தவறாமல் இடம்பெறும் ரகசியம் இதுதான்.

அந்த வரி நீதிமன்றத்தில் நிற்பது கடினம். வசவு வேறு, ஆபாசம் வேறு என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தெளிவாகச் சொல்லிவிட்டது: வெறும் திட்டு போதாது, காம உணர்வைத் தூண்டும் சொல்லாக இருக்க வேண்டும், அதைக் கேட்டு எரிச்சலடைந்தவர் இருக்க வேண்டும். அந்த வழக்கில் சொன்ன சொல் என்ன என்பதே ஆவணத்தில் இல்லை! ஆகவே எஃப்.ஐ.ஆர். நகலில் முதலில் மூன்றைத் தேடுங்கள்: சொன்ன சொல் அப்படியே எழுதப்பட்டிருக்கிறதா, இடம் பொது இடமா அல்லது அதை ஒட்டியதா, எரிச்சலடைந்ததாகச் சாட்சி சொன்னவர் யார். ஒன்று குறைந்தாலும், அந்தப் பிரிவை ரத்து செய்யக் கோரி புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-வது பிரிவின் கீழ் (பழைய நடைமுறைச் சட்டத்தில் 482) உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் கூடவே 351(3) கொலை மிரட்டலும் இருந்தால் அது தானாக விழாது. அதைத் தனியாக உடைக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

இந்தப் பிரிவை எடுத்துவிட்டால் கண்டவர்களும் கண்டபடி பேசுவார்களே என்றால், பெண்ணின் மாண்பை இழிவுபடுத்தும் நோக்கில் பேசுவதற்கு 79-வது பிரிவு இருக்கிறது, மூன்றாண்டு வரை சிறை. பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பலர் அறியச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 296(பி) போனால் இவை எதுவும் போகாது. ஸ்டேஷன் ரைட்டருக்குத்தான் மனப்பாட வரி ஒன்று குறையும்.