கன்டெய்னரா, திண்ணையா?

கேள்வி: பல்லடம் பக்கம் எங்களுக்கு 5 சென்ட் மனை இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு நானும் மனைவியும் மட்டும்தான். யூட்யூபில் அமெரிக்கக் குட்டி வீடுகளைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. 20 அடி கன்டெய்னரை வீடாக்கி, கிரேனில் கொண்டுவந்து இறக்கித் தருகிறோம், 45 நாளில் சாவி என்கிறார்கள். உள்ளே பரண் மாதிரி மேல் படுக்கை வைக்க முடியுமா? முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ஆசை நல்ல ஆசைதான், பெட்டிதான் தப்பு. (‘சின்ன வீடு’ என்று எழுதாமல் ‘குட்டி வீடு’ என்று எழுதினீர்களே, அதற்குத் தனியாக நன்றி.)

நீங்கள் பார்க்கும் அமெரிக்க வீடுகள் ஏன் அப்படி ஒடுங்கி உயர்ந்து சக்கரத்தின் மேல் நிற்கின்றன? அங்கே பல ஊர்களில் இத்தனை சதுர அடிக்குக் குறைவாக வீடு கட்டக் கூடாது என்று விதி இருந்தது. சக்கரம் மாட்டிவிட்டால் அது வீடல்ல, வண்டி. வண்டி என்றானதும் சாலை விதி வந்து பிடித்துக்கொண்டது: அகலம் 8½ அடி, உயரம் பெரும்பாலான மாநிலங்களில் 13½ அடி. அகலத்தில் இடமில்லாததால் படுக்கை பரணுக்கு ஏறியது. 2018-ல்தான் அங்கத்திய மாதிரிக் கட்டட விதியில் 400 சதுர அடிக்குள் அடங்கும் வீடுகளுக்கென்று ஒரு பின்னிணைப்பு வந்தது. அவர்கள் சட்டத்துக்குத் தப்பக் கண்டுபிடித்த வடிவத்தை, சொந்த மனை வைத்திருக்கும் நீங்கள் எதற்காகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

பரண் கேள்வியை இங்கேயே முடித்துவிடலாம். சாதாரணக் கன்டெய்னரின் உள்ளுயரம் 7 அடி 10 அங்குலம். அதில் பரண் போட்டால் மேலே இருப்பவர் தவழ வேண்டும், கீழே இருப்பவர் குனிய வேண்டும். சூடான காற்று மேலே போகும். பனி பெய்யும் ஊரில் அது சுகம், கத்திரி வெயிலில் தண்டனை. அறுபது வயது முழங்காலுக்கு இரவில் மூன்று முறை ஏணி இறங்குவதும் ஆகாது.

இனி அளவுகள். 20 அடி கன்டெய்னரின் உள்நீளம் 19 அடி 4 அங்குலம், உள்ளகலம் 7 அடி 8 அங்குலம். கிட்டத்தட்ட 148 சதுர அடி. வெப்பத் தடுப்பும் உள்பலகையும் ஒரு பக்கத்துக்கு இரண்டரை அங்குலம் சாப்பிடும். மிஞ்சும் அகலம் 7 அடி 3 அங்குலம். குளியலறைக்கு 4½ அடி, சமையல் மேடைக்கு 5 அடி நீளம் ஒதுக்கினால், உட்காரவும் படுக்கவும் கிடைப்பது 9 அடிச் சொச்சம். 5-க்கு 6½ கட்டிலைக் குறுக்கே போட்டால் கால்மாட்டில் 9 அங்குலம் மிஞ்சும். உள்பக்கம் படுத்தவர் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். உள்கூரை 7 அடி 4 அங்குலத்துக்கு இறங்கிவிடுவதால், சீலிங் ஃபேன் எவ்வளவு குட்டைக் கம்பியில் தொங்கினாலும் இறக்கை ஆறேகால், ஆறரை அடியில் சுற்றும். சட்டை கழற்றக் கையைத் தூக்கினால் விரல் போய்விடும். சுவர் ஃபேன்தான் கதி. வசிக்கும் அறைக்கு நம் தேசியக் கட்டட விதித் தொகுப்பு கேட்கும் குறைந்தபட்ச அகலம் 2.4 மீட்டர், உயரம் 2.75 மீட்டர். கன்டெய்னரின் அகலம் பலகை அடிக்கும் முன்பே 2.35 மீட்டர்தான். சரக்குக்குச் செய்த பெட்டி அது.

வெயில் எல்லோருக்கும் தெரிந்த குறை. தெரியாத குறை வியர்வை. மார்கழி இரவில் இரும்புத் தகடு சீக்கிரம் குளிர்ந்துவிடும். உள்ளே மூச்சுக்காற்றும் சமையல் ஆவியும் பலகை இடுக்கு வழியாகப் போய், குளிர்ந்த தகட்டின் உள்முகத்தில் நீராகப் படியும். ராக்வூல் (பாறையை உருக்கிச் செய்யும் பஞ்சு) அடைத்திருந்தால் அது நனைந்து, வெப்பத்தைத் தடுக்கும் குணத்தை இழக்கும். பின்னால் தகடு கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடிக்கும். இரண்டாவது மழைக்காலத்தில் வரும் ஈர நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், கூரை ஒழுகல் அல்ல.

இல்லை, கன்டெய்னர்தான் என்று பிடிவாதம் இருந்தால் ஒரு அடி உயரம் கூடுதலான ‘ஹை க்யூப்’ கேளுங்கள். தகட்டோடு ஒட்டிக்கொள்ளும் பஃப் ஸ்ப்ரே (பாலியூரித்தேன் நுரை) அடிக்கச் சொல்லுங்கள், இடைவெளியே இருக்கக் கூடாது. கன்டெய்னருக்கு மேல் ஒன்றரை அடி விட்டு, சுற்றிலும் மூன்றடி நீட்டி, தனித் தூணில் இன்னொரு தகரக் கூரை. நடுவில் காற்று ஓட வேண்டும். பாரம் நான்கு மூலைத் தூண்களில் இறங்குவதால் அடித்தளமும் அந்த நான்கு மூலைக்கும் கீழேதான். மடிப்புத் தகட்டுச் சுவரும் பாரம் தாங்கும் உறுப்பு. ஜன்னலுக்காக அதை அறுத்தால் சுற்றிலும் பாக்ஸ் பைப் சட்டம் வெல்டிங் செய்யாவிட்டால் கூரை தொய்யும். பழைய கன்டெய்னரின் தரைப் பலகையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள், மாற்றிவிடுவது நல்லது. இத்தனையும் செய்த பிறகு விலைப்பட்டியலை மறுபடி கேளுங்கள். செங்கல் வீட்டின் விலைக்குப் பக்கத்தில் வந்திருக்கும்.

குட்டி வீடு மலிவு என்பதிலும் பாதிதான் உண்மை. சுவரும் கூரையும் சுருங்கும். போர்வெல், மோட்டார், செப்டிக் டேங்க், மின் இணைப்பு, சமையல் மேடை, கழிப்பறை எதுவும் சுருங்காது. அதனால் மொத்தச் செலவு குறைந்தாலும் சதுர அடிக்கு ஆகும் செலவு ஏறும். அதைப் பார்த்து ‘இன்னும் கொஞ்சம் பெரிதாகவே கட்டிவிடுங்களேன்’ என்று மேஸ்திரி சொல்வார். அங்கே அசையாதீர்கள். இரண்டு பேருக்குப் பெருக்க, துடைக்க, கடன் கட்ட ஏற்ற அளவு சிறிய அளவுதான்.

கட்டுவதென்றால் இப்படிக் கட்டுங்கள். உள்ளே 10-க்கு 13 அடியில் ஒரே அறை. பக்கத்தில் 7½-க்கு 8 சமையலறை, அதையொட்டி 7½-க்கு 4½ குளியலறை, கழிப்பறை. உள்பரப்பு 224 சதுர அடி. 9 அங்குலச் சுவர் வைத்தால் வெளியளவு 281 ஆகிவிடும். அதாவது ஐந்தில் ஒரு பங்கைச் சுவரே விழுங்கும். மேலே மாடி இல்லை என்பது உறுதியானால் 6 அங்குல ஹாலோ பிளாக் போதும். 17 சதுர அடி திரும்பி வரும். மேற்குச் சுவருக்கு மட்டும் 9 அங்குலம் இருக்கட்டும், அந்தப் பக்கம் முருங்கையோ வேம்போ வையுங்கள். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டால், உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. அந்தச் சிறிய அறையில் கேஸ் கீசர் வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். சமையலறைக்கும் படுக்கைக்கும் நடுவில் முழுச் சுவர் வையுங்கள். ‘ஓப்பன் கிச்சன்’ என்பது மிளகாய் தாளிக்காதவர்களின் யோசனை. சிலிண்டரும் இன்வெர்ட்டர் பேட்டரியும் வெளியே, பூட்டிய கம்பிக் கூண்டில்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. இருவருக்கு 270. ஆயிரம் லிட்டர் தொட்டி மூன்று நாளுக்கு மேல் வரும். நிறைந்தால் அது ஒரு டன் எடை என்பதை மறக்காதீர்கள், ஸ்டாண்டு தனியாக நிற்கட்டும். உங்கள் மனை 33-க்கு 66 அடி இருக்கும் என்று வைத்துக்கொண்டால் (5 சென்ட் சரியாக அவ்வளவுதான்) போர்வெல் ஒரு கோடியிலும் செப்டிக் டேங்க் மறு கோடியிலும் வைத்து, நடுவில் 50 அடிக்கு மேல் விட முடியும். 2 சென்ட் மனையில் இது நடக்காது. குட்டி வீட்டுக்குக் குட்டி மனை போதும் என்பவர்கள் மறக்கிற இடம் இது.

இப்போது முக்கியமான சமாச்சாரத்துக்கு வருகிறேன். நம் அரசு வீட்டுத் திட்டங்களைப் பாருங்கள்: 2011-ல் வந்த பசுமை வீடுகள் 300 சதுர அடி. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 360. குட்டி வீட்டில் எப்படி வாழ்வது என்று யூட்யூபில் தேடுவதைவிட, பக்கத்து ஊரில் பசுமை வீட்டுக்காரர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். வாசலில் தென்னங்கீற்றோ தகரமோ போட்டு ஒரு பந்தல் இருக்கும். கயிற்றுக் கட்டில், தண்ணீர்க் குடம், விறகடுப்பு, டிவிஎஸ் ஃபிஃப்டி எல்லாம் அதன் கீழ்தான். சிறிய வீட்டின் பாதி வெளியில்தான் இருக்கிறது. அதைத் திட்டத்திலேயே சேர்க்காதவர்கள் பின்னால் தகரம் வாங்கப் போகிறார்கள். ஆகவே முன்பக்கம் முழு நீளத்துக்கும் 8 அடி அகலத்தில் ஓட்டுக் கூரை போட்ட திண்ணை வையுங்கள். திண்ணையின் உயரம் ஒன்றரை அடி, உட்காரும் மேடை இரண்டரை அடி அகலம், படுத்தால் முதுகு கொள்ளும். பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கும் பாத்திரம் தேய்க்கவும் ஒரு சாய்ப்பு. பிள்ளைகள் பேரன் பேத்தியோடு பொங்கலுக்கு வந்தால் படுக்கப்போவது திண்ணையில்தான். கொசுவலைச் சட்டத்துக்கு இப்போதே கொக்கி அடித்துவிடுங்கள்.

அனுமதிக்கு 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500-க்குள் கட்டடமும் இருந்தால் சுயசான்று முறை 2024 ஜூலையில் வந்துவிட்டது. உங்கள் மனை 2,178 சதுர அடி. அங்கீகாரம் பெற்ற மனைதானா என்று முதலில் பாருங்கள். ‘கழற்றி எடுக்கலாம், அதனால் அனுமதி வேண்டாம்’ என்று கன்டெய்னர்காரர் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டுக் கடன் எடுப்பதாக இருந்தால், கன்டெய்னருக்குத் தருவார்களா என்று வங்கியில் கேட்டுவிட்டு வாருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்த வீடியோ மனத்தை விட்டுப் போகவில்லையா? மனைக்குப் போய்க் கோலப்பொடியால் 18 அடி 11 அங்குலத்துக்கு 7 அடி 3 அங்குலம் கோடு போடுங்கள். கட்டில், பீரோ, அடுப்பு, வாளி இருக்கும் இடங்களைக் குறியுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து, கோட்டை மிதிக்காமல், காலை ஐந்தரை முதல் எட்டு வரை செய்கிற வேலைகளை ஒரு முறை நடித்துப் பாருங்கள். முன்பணத்தைப் பற்றி உங்கள் மனைவியே பதில் சொல்லிவிடுவார்.