மண்டிக்காரர் பதில்கள்

கேள்வி: கராபாக் அர்மேனியர்களுக்கு உதவ இத்தனை பேர் இருந்தும் பட்டினி கிடந்தார்களாமே, ஏன்?
(வாசகர், லோயர்கேம்ப்)

பதில்: சரக்குக்குக் குறைச்சல் இல்லை, தம்பி. போகிற ரோட்டைத்தான் அடைத்துவிட்டார்கள். கம்பத்துக்காரனுக்கு இது புரியும். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு தகராறில் குமுளி ரோடு அடைபட்டபோது, என் மண்டியில் ஏற்றிய தக்காளி லோடு கிளம்பாமல் நின்றது. லாரியின் பின்பலகை இடுக்கில் தக்காளித் தண்ணீர் ஒழுகி ஈ மொய்த்தது. கடைசியில் மாட்டுக்குக் கொட்டினோம். எனக்கு அது நட்டத்தோடு போச்சு.

அங்கே அப்படிப் போகவில்லை. அஜர்பைஜானுக்குள் இருந்த அந்த மலைப்பகுதியில் சுமார் 1,20,000 அர்மேனியர்கள். அர்மேனியாவுக்குப் போக லாச்சின் பாதை ஒன்றுதான். 2022 டிசம்பர் 12-ல், சுற்றுச்சூழலைக் காக்கிறோம் என்று அஜர்பைஜான்காரர் கூட்டம் ஒன்று வந்து அதில் உட்கார்ந்தது. அதை நான் நம்பவில்லை. 2023 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் போக்குவரத்தைத் தடையின்றி விடச் சொன்னது. ஏப்ரலில் அந்தப் பாதையின் பாலத்திலேயே அஜர்பைஜான் செக்போஸ்ட் போட்டது! அர்மேனியாவுக்கும் அஜர்பைஜானுக்கும் நடந்த 2020 போருக்குப் பின் பாதையைக் காக்க வந்த ரஷ்யப் படையும் அங்கேதான் இருந்தது. ஜூன் நடுவில் பிடி இறுகி, செஞ்சிலுவை வண்டிகளுக்கே வழி மறுக்கப்பட்டது.

ஜூலையில் அர்மேனியா 19 லாரி அனுப்பியது. மாவு, எண்ணெய், சர்க்கரை, பால்பவுடர் எல்லாம் இருந்தன. எல்லையோரத்துக் கோர்னிட்சோர் கிராமத்தில் வாரக்கணக்கில் நின்றன. எங்கள் கையில் உள்ள அக்தாம் ஊர் வழியாக நாங்களே தருகிறோம் என்றது அஜர்பைஜான். அடைத்தவன் கையால் வாங்க அந்த மக்களுக்கு மனசு வரவில்லை, யாருக்குத்தான் வரும்? செப்டம்பர் 18-ல் இரண்டு பாதையிலும் செஞ்சிலுவை லாரிகள் உள்ளே போயின. மறுநாளே அஜர்பைஜானின் ராணுவத் தாக்குதல். அப்புறம் அதே லாச்சின் பாதை திறந்தது, ஊரைவிட்டு வெளியேற மட்டும். ஏறக்குறைய ஒரே வாரத்தில் ஒரு லட்சம் பேர் அர்மேனியாவின் கோரிஸ் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். கிளம்புமுன் பெட்ரோலுக்கு வரிசையில் நின்றவர்களில் 200 பேருக்கு மேல், கிடங்கு வெடித்துச் செத்தார்கள்.

கேள்வி: அவர்களுக்குப் பழைய துணி சேர்த்து அனுப்பலாமா?
(அதே வாசகர்)

பதில்: வேண்டாம். லாரி வாடகை துணி விலையைத் தாண்டும். போர்வையும் சூடான சாப்பாடும் முதல் வாரத்துத் தேவை. அதன்பின் வீட்டு வாடகைதான் கழுத்தைப் பிடிக்கும். அர்மேனிய அரசு ஆளுக்கு ஒரு லட்சம் திராம் (அந்த நாட்டுக் காசு) ஒருமுறை கொடுத்தது. பிறகு மாதம் வாடகைக்கு 40,000, மின்சாரம், தண்ணீர் செலவுக்கு 10,000. மொத்தமே 30 லட்சம் பேர் உள்ள நாட்டுக்கு அது பெரிய சுமை. கொடுக்க நினைத்தால் பணமாகக் கொடு, செஞ்சிலுவை மாதிரி அங்கே ஆள் வைத்திருப்பவர்களிடம்.