டியூ நின்றால் ரோட்டில் வைத்து வண்டியைத் தூக்கலாமா?

கேள்வி: வக்கீல் அண்ணாச்சி, எனக்கு முக்கூடல் பக்கம். பைனான்ஸில் லோடு ஆட்டோ எடுத்து, பாவூர்சத்திரத்திலிருந்து நயினார்குளம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் பிழைக்கிறேன். அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவில் மூன்று டியூ நின்றுவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இரண்டு பேர் வந்து, பீடி சுற்றிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் தெருவே கேட்கக் கத்துகிறார்கள். மச்சானுக்கும் போன் போட்டு அசிங்கப்படுத்துகிறார்கள். ரோட்டில் பார்த்தால் வண்டியைத் தூக்குவோம் என்கிறார்கள். வண்டியை வேறு ஊரில் ஒளித்து வைக்கலாமா?

பதில்: தம்பி, ஒளிக்காதீர்கள். ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் ஏறியிருக்கிறது. வண்டியை மறைத்தாலோ வேறு ஆளுக்குக் கைமாற்றினாலோ நம்பிக்கை மோசடி என்று உங்கள் மேலேயே புகார் வரும், இன்றைக்கு அவர்கள் பக்கம் இருக்கிற தப்பு நாளைக்கு உங்கள் பக்கம் வந்துவிடும். வண்டி ஓடினால்தானே டியூ கட்டவும் வழி.

கடன் வாங்கியது உண்மை, கட்டத்தான் வேண்டும். ஆனால் அவர்களுக்கு வரவேண்டியது பணம் மட்டும்தான். வயசான அம்மாவை வாசலில் வைத்து அவமானப்படுத்த எந்த அக்ரிமென்டும் உரிமை கொடுக்காது. வசூல் ஏஜென்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது, கடன்காரரின் குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஏஜென்ட் செய்ததற்குக் கம்பெனிதான் பொறுப்பு, 'எங்களுக்குத் தெரியாது' என்று அவர்கள் கை கழுவ முடியாது.

வண்டியைத் தூக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தவணை நின்றால் வண்டியை எடுக்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அடியாள் வைத்துப் பிடுங்கக் கூடாது, சட்டப்படிதான் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது, 2011-லும் திரும்பச் சொன்னது. எடுப்பதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், ஏலம் விடும் முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு எப்படி என்பதெல்லாம் அக்ரிமென்டிலேயே இருக்க வேண்டும். அந்த நகல் உங்களிடம் இல்லையென்றால் நாளைக்கே எழுதிக் கேளுங்கள்.

ரோட்டில் மறித்தால் கைகலப்பு வேண்டாம். சாவியைக் கொடுக்காமல், அடையாள அட்டையையும் கம்பெனி கொடுத்த கடிதத்தையும் காட்டச் சொல்லுங்கள், கூட இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், 100-க்குப் போன் போடுங்கள். அப்போது ஒரு பேப்பரை நீட்டுவார்கள், 'வண்டி குடோனுக்குப் போகுது, சும்மா ஒரு கையெழுத்து' என்பார்கள். படித்துப் பாருங்கள். 'தவணை கட்ட இயலாததால் நானே மனமுவந்து வாகனத்தை ஒப்படைக்கிறேன்' என்று இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிடுங்கினார்கள் என்று பிறகு கோர்ட்டில் நிரூபிப்பது பெரும்பாடு. செத்தாலும் போடாதீர்கள்.

போலீஸ் புகாரில் கடன் கதையில் ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பித்தால் 'இது கொடுக்கல் வாங்கல், கோர்ட்டுக்குப் போங்க' என்று அனுப்பிவிடுவார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, யார் வந்தார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள் என்பதை முதல் பாராவிலேயே எழுதுங்கள். மிரட்டலுக்கு, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 351-ஆவது பிரிவு இருக்கிறது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். புகாரை அவர்கள் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுப் போடலாம். மார்க்கெட்டில் மறித்தால் அது மாநகரப் போலீஸ் எல்லை, கமிஷனருக்கு எழுத வேண்டும். அம்மா பெயரில் புகார் நடத்துவதாக இருந்தால், பெண் என்பதால் வருமானம் பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், 15100-க்குப் பேசுங்கள்.

அப்புறம் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். டியூ நின்ற காரணம், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற கணக்கு, ஏஜென்ட் செய்த அட்டூழியம், மூன்றும் அதில் இருக்கட்டும். முழு ஸ்டேட்மென்டும் கேளுங்கள், அபராதத்தின் மேல் வட்டி போட்டிருந்தால் அது ரிசர்வ் வங்கி விதிக்கு விரோதம். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) செலவில்லாமல் புகார் செய்யலாம், உதவிக்கு 14448. பதிவு இல்லாத உள்ளூர் வட்டிக்காரர் என்றால் கதையே வேறு, அதற்கு 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. 2017-இல் கந்துவட்டிக் கொடுமையால் நம் கலெக்டர் ஆபீஸில் ஒரு குடும்பமே தீக்கு இரையானதை நெல்லையில் யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட ஆள் என்றால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள்.

இன்னொன்று. சென்னையிலிருந்து ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்கு வெளியே நடுவர் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் விசாரணை, என்று தபால் வந்தால் பிரிக்காமல் பரணில் போட்டுவிடாதீர்கள். நம் பக்கம் நிறையப் பேர் வண்டியை இழப்பது ரோட்டில் இல்லை, அந்தக் கவரில்தான். நீங்கள் போகாமலே தீர்ப்பாகிவிட்டால் அதை எதிர்க்க மூன்று மாதம்தான் கெடு. கவர் வந்த அன்றைக்கே எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.