மட்டு 1 என்றால் எல்லாம் முடிந்ததா?

அன்புள்ள ஐயா,

ஒரு சார்பின் மதிப்புகளைத் தொலைவின் (வலப்பக்கம் மிகை, இடப்பக்கம் குறை) தலைகீழால் பெருக்கித் தொகையிட்டுப் புதிய சார்பைத் தரும் செயலியே ஹில்பெர்ட் உருமாற்றம். அந்தத் தலைகீழாகிய உட்கருவை, அலகு வட்டத்தில் சுழலும் சிக்கலெண்ணான ஓர் அலைவுக் காரணியால் பெருக்கினால், அந்தச் செயலியின் வரம்புடைமையை, அதாவது விடையின் அளவு உள்ளீட்டு அளவின் ஒரு நிலையான மடங்கைத் தாண்டாது என்பதை, புதிதாக நிறுவ வேண்டும் என்கிறார்கள். அக்காரணியின் மட்டு மதிப்பு எங்கும் 1தானே? அளவு மாறாதபோது நிறுவுவதற்கு என்ன இருக்கிறது?

முதுகலைக் கணித மாணவி, குடியாத்தம்

அன்புள்ள மாணவிக்கு,

மட்டு மதிப்பு மாறுவதில்லை என்பது சரி. ஆனால் இந்தச் செயலி மட்டு மதிப்பை நம்பி நிற்பதன்று. தொலைவின் தலைகீழை மட்டு எடுத்துத் தொகையிட்டால், பூச்சியத்துக்கு அருகிலும் முடிவிலியை நோக்கியும் அது மடக்கையைப் போல வரம்பின்றி வளரும். வலப்பக்கத்து மிகையும் இடப்பக்கத்துக் குறையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால்தான் விடை கிடைக்கிறது. உங்கள் ஊர் லுங்கிக் கடைப் பேரேட்டில் தொகைகளைத் தொடாமல் சில வரவுகளை மட்டும் பற்றாக எழுதிவிட்டால் நிலுவை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். அலைவுக் காரணி செய்யக்கூடியது அதுதான்.

அலைவின் கட்டம் (அது சுழலும் கோணம்) ஒரு மெய்ப் பல்லுறுப்புக்கோவையாக இருந்தால், பி 1ஐவிடப் பெரிய முடிவுறு எண்ணாக உள்ள எல்லா எல்-பி வெளிகளிலும் (மட்டின் பி-ஆம் அடுக்கின் தொகையீடு முடிவுறுவதாக உள்ள சார்புகளின் தொகுதிகள்) செயலி வரம்புடையது என்று 1987இல் ரிச்சியும் ஸ்டைனும் நிறுவினர். சிறு தொலைவுகளில் உயர்படி உறுப்பு ஏறக்குறைய மாறாததால் படி குறைந்த செயலியே எஞ்சுகிறது. பெருந்தொலைவுகளில் அலைவு விரைவாகி, அதுவே புதியதொரு கழிவைத் தருகிறது. மேல்வரம்பு பல்லுறுப்புக்கோவையின் படியை மட்டுமே சார்ந்தது, கெழுக்களைச் சார்ந்ததன்று. இத்தேற்றத்தில் நான் மிகவும் போற்றுவது இதைத்தான், ஏனெனில் கெழுவை எவ்வளவு பெரிதாக்கி அலைவை எவ்வளவு முடுக்கினாலும் அதே மாறிலி போதும்.

பி 1ஆக இருக்கும்போது வலுவற்ற வகை வரம்பு (விடை ஓர் அளவை மீறும் இடங்களின் மொத்த நீளம் கட்டுக்குள் இருப்பது) மட்டுமே கிடைக்கிறது. அதனை அதே ஆண்டில் சானில்லோவும் கிறைஸ்ட்டும் நிறுவினர். தாமும் தம் ஹில்பெர்ட் உருமாற்றமும் தொகையிடத்தக்கவையாக உள்ள சார்புகளின் வெளியான ஹார்டி வெளியில்தான் உங்கள் ஐயத்துக்கு நேரான விடை இருக்கிறது. 0 முதல் 1 வரை 1, 1 முதல் 2 வரை −1, பிற இடங்களில் 0 என ஒரு சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தொகையீடு 0 என்பதால் அது ஹார்டி வெளியில் உள்ளது. கட்டம் தொலைவின் பை (π) மடங்கு எனில், அலைவோடு பெருக்கப்பட்ட சார்பின் தொகையீட்டு மட்டு 4/பை ஆகிறது, ஆகவே ஹில்பெர்ட் உருமாற்றம் முடிவிலியில் தொலைவின் தலைகீழைப் போலவே தேய்கிறது, தொகையிட முடியாததாகிறது. எல்-பி வெளிகளில் சிறிதும் தீங்கு செய்யாத அதே நேரியல் கட்டம் இங்கே வரம்புடைமையை அழித்துவிடுகிறது. கட்டம் தொலைவை மட்டும் சார்ந்த பல்லுறுப்புக்கோவையாக இருந்து, அதில் நேரியல் உறுப்பு இல்லையென்றால், ஹார்டி வெளியிலும் வரம்புடைமை மீண்டும் கிடைக்கிறது.

அன்புடன்,
வேலூரிலிருந்து